அழுகுவதற்கென்றே திரிக்கும் கயிறு

கயிறு திரிப்போர் தம் சரக்கை விற்கும்போது முதலிற் சொல்வது அதன் உறுதியைப் பற்றித்தான். கிணற்று நீரில் எத்தனை நாள் கிடந்தாலும் இற்றுப்போகாது, எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அறாது என்று சொல்லாத வியாபாரி இல்லை. வாங்குவோரும் இரு கையாலும் முறுக்கி இழுத்துப் பார்த்த பின்னரே விலை பேசுகின்றனர். இந்நிலையில், சில மாதங்கள் தாங்கி நின்று, அதன்பின் கடலடியில் தானாகவே மக்கி மறையக்கூடிய கயிறு வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டால் நம் உறுப்பினர்களுக்கு நகைப்பே தோன்றும். ஆலங்குடிப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் பேரவைக் கூட்டத்தில் இச்செய்தியை நாம் எடுத்துரைத்தபோது வயது முதிர்ந்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "ஐயா, அழுகுகிற கயிற்றுக்கு எவன் காசு கொடுப்பான்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஆனால் அது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. கூட்ட நேரத்திற்குள் அதற்கு முழு விடை சொல்ல நம்மால் இயலவில்லை. ஆகவே இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கெல்லை கடல். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் முதலிய ஊர்கள் பாக் விரிகுடாவின் கரையில் அமைந்துள்ளன. ஆழம் குறைந்ததும் அலை அடங்கியதுமான கடல் இது. வெயில் ஒளி அடித்தரை வரை எட்டுவதால் அங்கே புல் விளைகிறது. கடற்புல் என்று நாம் குறிப்பது பாசியை அன்று. வேர், தண்டு, இலை, பூ, விதை யாவும் உடைய முழுமையான தாவரம் அது. வயலில் அருகம்புல் எவ்வாறு மண்ணுக்கடியில் தண்டை ஓட்டிக் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்கிறதோ, அவ்வாறே இதுவும் கடல் மணலுக்கடியில் தண்டோட்டிப் படர்கிறது. அருகை ஒழிக்கப் பாடுபட்ட விவசாயிக்கு இதன் இயல்பை வேறு உவமை கொண்டு விளக்கத் தேவையில்லை.

இப்புல்வெளி கடலுக்குச் செய்யும் உபகாரங்கள் பல. மணலைப் பிடித்து நிறுத்துகிறது. கலங்கிய நீரைத் தெளிவிக்கிறது. இறால், நண்டு, கணவாய் முதலியவற்றின் குஞ்சுகள் பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பி வளர்வது இதனுள்ளேதான். கரையோர நாட்டுப்படகு மீனவரின் வலையில் விழும் நண்டில் பெரும்பகுதி இப்புல்லின் நிழலில் வளர்ந்தது எனலாம். இதனையே உண்டு வாழும் பிராணி ஒன்றும் உண்டு. அதுதான் கடற்பசு, கரையோர மக்கள் அதனை ஆவுளியா என்பர். வளர்ந்த கடற்பசு ஒரு நாளில் 30 முதல் 40 கிலோ வரை புல் மேயும். சினைக்காலம் ஓராண்டுக்கு மேல். ஒரு முறைக்கு ஒரே கன்று. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனம், மேய்ச்சல் நிலம் சுருங்கினால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவேதான் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இதனை முதல் அட்டவணையில் வைத்துள்ளனர். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. நம் மாவட்டத்துக் கடல் அதற்குள் அடங்கியிருப்பதை நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் அறிவர் என்பது ஐயமே.

புல்வெளி அழிவதற்குக் காரணங்கள் பல. அடித்தரையை உழுதுகொண்டே செல்லும் இழுவை மடி, நங்கூரம், விசைப்படகின் சுழலி, கரையிலிருந்து வந்து சேரும் சேறும் கழிவும் என்று அடுக்கலாம். ஆனால் இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒருமுறை சொட்டையாகிவிட்ட இடம் எளிதில் மீண்டும் பச்சை பிடிப்பதில்லை. ஏன்? மணலை அசையாது நிறுத்தியதே அந்தப் புல்தான். புல் போனதும் மணல் அலைகிறது. அலையும் மணலில் புதிய நாற்று வேரூன்ற முடிவதில்லை. தனி நாற்று ஒன்றை அங்கே நட்டால் அடுத்த அலையிலேயே அது மிதந்து போகும். கூட்டமாக நின்றபோது ஒன்றையொன்று தாங்கிய செடிகள் தனியே நிற்க நேர்ந்தால் நிலைப்பதில்லை. கூட்டுறவு இயக்கத்தில் இருப்போருக்கு இது புதிய செய்தியன்று!

ஆகவே, நாற்று வேர்பிடிக்கும் வரை அதனை அசையாது பற்றிக்கொள்ள ஏதேனும் ஒன்று வேண்டும். பாக் விரிகுடாவில் இப்பணியை முன்னின்று செய்துவருவது, தஞ்சை மாவட்டத்து வெளிவயலில் மையம் அமைத்துள்ள ஓம்கார் நிறுவனம். கடல் ஆராய்ச்சியாளர் பாலாஜி வேதராஜன் தோற்றுவித்தது அது. அவர்கள் கையாளும் முறை மிக எளியது. மூங்கிலால் ஒரு சட்டம் கட்டுகின்றனர். அதன் குறுக்கே தேங்காய் நார்க் கயிறுகளைக் கட்டுகின்றனர். செழித்த புல்வெளியிலிருந்து அடித்தண்டும் வேரும் சேதமுறாமல் எடுத்த நாற்றுக்களைக் கயிற்றில் இடைவெளி விட்டுப் பிணைக்கின்றனர். பின்னர்ச் சட்டத்தைக் கடலடிக்குக் கொண்டுசென்று மணலிற் படிய வைத்துவிடுகின்றனர். நாற்று கணுவிட்டு வேரூன்றிப் பக்கத்து நாற்றோடு பின்னிக்கொள்ளும். பிறகு கயிற்றுக்கும் மூங்கிலுக்கும் அங்கே வேலையில்லை.

வேலையில்லாத பொருள் அங்கே இருக்கக் கூடாது என்பதே இதிலுள்ள நுட்பம். பிளாஸ்டிக் குழாய்ச் சட்டங்களைக் கொண்டும் கடற்புல் நடுவதுண்டு. அவற்றை விட்டுவைத்தால் குப்பை. பிடுங்கினாலோ புதிதாகப் பற்றிய வேரும் உடன் வரும். நைலான் கயிறாயின் கேட்கவே வேண்டாம். அறுந்த துண்டு ஆமையின் கழுத்திலோ கடற்பசுவின் துடுப்பிலோ சுற்றிக்கொள்ளும். பருத்தி நூலோ சணலோ நாற்று வேர்பிடிப்பதற்கு முன்பே இற்றுப்போகக்கூடும். இரண்டுக்கும் இடையே நிற்பது தேங்காய் நார். மரத்திற்கு வன்மையளிக்கும் லிக்னின் என்னும் பொருள் நம் நாரில் மிகுதியாக உண்டு. அதனாலேயே உப்பு நீரில் அது மெதுவாக மக்குகிறது. பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இதுவே: கட்டட வளைவு கட்டும் கொத்தனார் கீழே சாரம் கொடுப்பதைப் போன்றது இக்கயிறு. வளைவு காய்ந்ததும் சாரத்தைப் பிரிக்கிறோம். அதற்காகச் சாரத்திற்குக் கூலி கொடுக்காமல் இருப்பதில்லை. கடலடியில் போய்ச் சாரம் பிரிக்க ஆள் இல்லாமையால், தானே பிரிந்துகொள்ளும் சாரம் வேண்டும் என்கிறோம்.

இனி இயந்திரத்தின் பங்கைப் பார்ப்போம். கணினியில் வரைந்த உருவை எண்களாக மாற்றி, அவ்வெண்களின் ஏவலின்படி ஓர் இயந்திரமே பொருளை வெட்டியோ படிப்படியாக அடுக்கியோ செய்து முடிக்கும் முறை இன்று எங்கும் பரவியிருக்கிறது. பலகையைக் குடைவதும், ஒளிக்கதிரால் தகட்டை அறுப்பதும், களிமண்ணைக் குழாய் வழியே பிதுக்கி வரிமேல் வரியாக ஏற்றிப் பாண்டம் வனைவதும் இதில் அடங்கும். கேட்க விந்தையாகத் தோன்றினும், இதன் மூலத்தை நம் நெசவாளர் பலர் நாள்தோறும் தலைக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டுதான் வேலை செய்கின்றனர். ஜக்கார்டுப் பெட்டியைச் சொல்கிறோம். 1804ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் இதனை அமைத்தார். அட்டையில் துளை இருந்தால் அந்த இடத்துப் பாவிழை எழும்; துளை இல்லையெனில் கிடக்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களைக் கொண்டு மாங்காய், மயில், அன்னம் எதனையும் அந்தப் பெட்டி நெய்துவிடுகிறது. இதே துளையட்டையைக் கொண்டுதான் 1890இல் அமெரிக்காவில் ஹாலரித் என்பார் மக்கட்தொகைக் கணக்கை எண்ணினார். கணினிக்கு நெடுங்காலம் தீனியாக இருந்ததும் துளையட்டையே. இன்று பல நெசவாளர் சங்கங்களில் அட்டைக்குப் பதிலாகக் கணினிப் பெட்டி வந்துவிட்டது. ஆகவே எண்களால் ஏவப்படும் உற்பத்தி என்பது நெசவாளருக்கு அயல்வீட்டுச் சரக்கன்று. வீட்டைவிட்டுப் போய்ப் பெரியவனாகித் திரும்பிய பிள்ளை என்றே சொல்லலாம்.

அத்தகைய இயந்திரத்தைக் கொண்டு பிராணிகளுக்கு உறைவிடம் அமைக்கும் முயற்சிகள் சில நாடுகளில் நடைபெறுகின்றன. ஹாங்காங்கில் 2020ஆம் ஆண்டில் ஹாய் ஹா வான் என்னும் கடற்பூங்காவில் 128 ஓடுகளைக் கடலடியில் பதித்தனர். அவை சுட்ட மண் ஓடுகள். ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் கணினியில் உருவமைத்து, இயந்திரக் கையால் களிமண்ணை வரிவரியாக இட்டு, சூளையில் சுட்டெடுத்தவை. மேற்பரப்பு மூளையின் மடிப்புப்போலச் சுருண்டு சுருண்டு இருக்கும். பவழத்துண்டு பற்றிக்கொள்ள இடுக்கு வேண்டும், வண்டல் படியாமல் வழிந்தோடவும் வேண்டும். இவ்விரண்டையும் கணக்கிட்டே அம்மடிப்பை வகுத்தனர். சிமெண்டை விட்டுவிட்டு மண்ணுக்கு வந்ததை நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஐயனார் கோயில்களுக்கு ஆள் உயரக் குதிரைகளை வனைந்து சுட்ட வேளார்கள் வாழும் நம் மாவட்டத்தில், சுட்ட மண் கடலுக்கும் ஆகுமென்பது பெருமைக்கு மட்டுமன்றி யோசனைக்கும் உரிய செய்தி.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பெரிய ஆந்தை இனம் ஒன்றுக்கு வீடு கட்டித்தர முனைந்தனர். அவ்வாந்தை முதிய மரங்களின் பொந்தில் மட்டுமே முட்டையிடும். அத்தகைய பொந்து உண்டாக மரத்திற்கு நூற்றைம்பது வயதாவது ஆக வேண்டும். நகரத்தில் அவ்வளவு முதிய மரம் ஏது? ஆகவே அங்குள்ள பல்கலைக்கழகத்தார் மரத்தின் கிளைப்பிரிவைக் கருவியால் அளந்து, அதில் கச்சிதமாகப் பொருந்தும் கூட்டைக் கணினியில் வரைந்தனர். நாருக்கென வளர்க்கும் ஒருவகைச் செடியின் தண்டுச் சக்கையைச் சுண்ணாம்போடு சேர்த்த கட்டிகளால் கூட்டை அமைத்துப் பார்த்தனர். கூடு அழகாயிருப்பது ஒன்று, பறவை குடிவருவது வேறொன்று என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறோம். பிராணிகள் விளம்பரத்தைப் படித்துவிட்டு வருவதில்லை.

நமக்கு மிக நெருங்கிய பாடம் ஹாலந்து நாட்டாருடையது. உருளைக்கிழங்கு மாவிலிருந்து பெற்ற பொருளால் தேனடை போன்ற வலைத்தகடுகளை அச்சில் வார்த்து, அவற்றினூடே கடற்புல்லையும் கழிமுகப் புல்லையும் நட்டு நான்கு நாடுகளில் சோதித்தனர். முடிவுகள் 2020இல் வெளியாயின. அவர்கள் கண்டது இது. கழிமுகப் புல்லுக்கு, தகடு மண்ணுக்கு மேலே நின்று தண்டின் ஆட்டத்தைக் குறைத்தால் நன்மை மிகுதி. கடற்புல்லுக்கோ, தகடு மணலுக்குள்ளே புதைந்து, அடர்ந்த வேர்ப்பின்னலைப் போல நடித்து, மணலை நிறுத்தினால்தான் நன்மை மிகுதி. அதாவது, இல்லாத கூட்டத்தை இருப்பதுபோல் காட்டினால் தனிச்செடியும் பிழைத்துக்கொள்கிறது.

மணலுக்குள் புதையும் மக்கக்கூடிய வலை என்றவுடன் நமக்கு நினைவில் எழுவது, வாய்க்கால் கரையும் சாலைச் சரிவும் கரையாமலிருக்க இன்று விரிக்கப்படும் தென்னை நார் விரிப்பு. அது தறியில் நெய்யப்படுவது. நீளத்திற்கு எத்தனை கயிறு, அகலத்திற்கு எத்தனை, கண்ணின் அளவு என்ன என்று கணக்கிட்டு நெய்வது நெசவாளர் வேலை. கயிறு தருவது தென்னை விவசாயி வேலை. ஹாலந்து நாட்டார் மாவுத் தகட்டால் செய்ததை நம் நார் வலையால் செய்ய இயலுமா என்பது சோதித்தே அறியத்தக்கது. இயலும் என்று உறுதி கூற நாம் முன்வரவில்லை. ஆயினும் சோதிப்பதற்கு வேண்டிய பொருளும் கைத்திறனும் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை என்பது உறுதி.

இயந்திரம் எங்கே பயன்படும்? நம் கருத்தில், பொருளைச் செய்வதில் அன்று, அளவைச் செய்வதில். ஐம்பது வீடுகளில் ஐம்பது பேர் கட்டும் மூங்கிற் சட்டங்கள் ஐம்பது விதமாகவே இருக்கும். ஒன்றில் கயிற்றின் இடைவெளி நான்கு விரற்கடை, இன்னொன்றில் ஆறு. ஆராய்ச்சி செய்வோருக்கு இது பெருந்தொல்லை. நாற்று பிழைத்ததும் பட்டதும் புல்லின் குணத்தாலா, சட்டத்தின் குணத்தாலா என்று அவர்களால் பிரித்தறிய முடியாது. ஆகவே ஒரே ஒரு அளவுப் பலகையைக் கணினி இயந்திரத்தில் துல்லியமாக வெட்டி வாங்கி, அதைப் பார்த்து வீட்டுக்கு வீடு படிப்பலகைகள் எடுத்துக்கொள்ளலாம். பலகையின் காடியில் கயிற்றை இட்டுக் கட்டினால் எவர் கட்டினாலும் அளவு பிசகாது. அச்சுப்பண்ணையின் பல் எண்ணிக்கை மாறாதிருப்பதால்தானே யார் நெய்தாலும் சேலை ஒரே அகலத்தில் வருகிறது? இதற்குச் சங்கம் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. அறுத்துத் தரும் பட்டறைக்கு வரைபடம் கொடுத்தாற் போதும்.

இதனை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மானியம் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்தால் வாங்கி, பின்னர் தார்ப்பாய்க்கு அடியில் உறங்கும் இயந்திரங்களைத் தணிக்கையின்போது நாம் கண்டிருக்கிறோம். தேய்மானம் ஆண்டுதோறும் கணக்கில் ஏறும். உற்பத்திப் பதிவேட்டில் ஒரு வரி இராது. புதிய பொருளைக் கேள்விப்பட்டவுடன் பங்குத்தொகையை எடுத்து முதலீடு செய்ய விரையும் நிர்வாகக் குழுவினர் இக்கட்டுரையை அதற்குச் சான்றாகக் காட்ட வேண்டா என்று கேட்டுக்கொள்கிறோம்.

சந்தையின் அளவைப் பற்றியும் மயக்கம் கூடாது. கடற்புல் நடுவது வெங்காயம் நடுவது போன்றதன்று. பாதுகாப்பகத்தினுள் வனத்துறையின் அனுமதியும் கடல் அறிஞரின் மேற்பார்வையும் இன்றி எவரும் ஒரு நாற்றைக்கூடப் பிடுங்கவோ நடவோ கூடாது. நாற்றெடுக்கும் இடமே சொட்டையாகிவிடும் அபாயம் உண்டு. நட்டு வளர்ப்பதைவிட இருக்கும் புல்வெளியைக் காப்பதே மலிவு என்பதும் உண்மை. ஒரு பக்கம் சட்டம் இறக்கிக்கொண்டு மறுபக்கம் மடி இழுத்துக்கொண்டிருந்தால் நம் கயிறு முழுவதும் வீணே. எனவே கேட்கப்படும் சட்டங்களும் விரிப்புகளும் ஆண்டுக்குச் சில நூறாக இருக்கலாம். லாரி லாரியாகப் போகும் சரக்காக இராது. எனினும், 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயலில் ஒரே இரவில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்ததைக் கண்டவர்கள் நாம். மறுபடி நட்ட கன்றுகள் காய்க்கத் தொடங்கியுள்ள இந்நாளில், தேங்காய் விலையொன்றையே நம்பி இராமல் மட்டைக்கும் நாருக்கும் எத்தனை சிறு வழிகள் திறக்கின்றனவோ அத்தனையும் கவனிக்கத்தக்கவை.

முன்வர விரும்பும் சங்கங்கள் முதலில் தம் துணைவிதிகளில் நோக்கங்கள் பகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும். நார்ப்பொருள் உற்பத்தி அதில் அடங்கவில்லையெனில் பேரவையில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவு பெற்ற பின்னரே ஆர்டர் ஏற்கலாம். நெசவாளர் சங்கமும் தென்னை விவசாயிகள் சங்கமும் சேர்ந்து செய்யும் வேலையாதலால், கயிறு யார் விலைக்கு, விரிப்பு யார் விலைக்கு என்பதை வாய்மொழியில் விடாமல் எழுத்தில் வைத்துக்கொள்வது நலம்.

அதற்கும் முன்னால், காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வாங்க வருவோர் முதலில் கேட்கப்போவது, "உங்கள் கயிறு எத்தனை மாதம் தாங்கும்?" என்பதே. உறுதி உண்டு என்ற பழைய விடை அவர்களுக்குப் போதாது. ஆகவே ஊறவைத்த மட்டையின் வெள்ளை நார், இயந்திரத்தில் அடித்த பழுப்பு நார் ஆகிய இரண்டிலும், தளர்முறுக்கு ஒன்று, இறுகுமுறுக்கு ஒன்று என நான்கு வகைக் கயிறு திரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முழ நீளத்தில் பன்னிரண்டு துண்டுகள் வெட்டி, வகை தெரியும்படி ஓட்டுச்சில் கட்டி, கரையோர உறுப்பினர் ஒருவரின் பொறுப்பில் உப்பு நீர் ஏறியிறங்கும் ஓடையில் முளையடித்து மூழ்க விடுங்கள். மாதம் ஒருமுறை வகைக்கு ஒரு துண்டு எடுத்து, நிழலில் உலர்த்தி, எத்தனை கிலோ எடை தொங்கவிட்டால் அறுகிறது என்று பார்த்து, தேதியிட்டுச் சங்கத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். ஓராண்டில் நாற்பத்தெட்டு வரிகள் சேரும். கேள்வி கேட்ட பெரியவரே தம் வீட்டுக் கயிற்றைத் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளார். முளைக்குரிய மூங்கிலை மணமேல்குடிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் தருகிறார். அடுத்த தணிக்கைக்கு வரும்போது அப்பதிவேட்டை நாம் முதலில் கேட்போம்.